கற்பகம் அக்காவும் 'செட்' என்ற சொல்லும்

நடந்தவற்றை நடந்தபடியே எழுதப் போகிறேன். கற்பகம் அக்காவைப் புகழ்ந்து எழுதித் தரும்படி யாரும் கேட்கவில்லை. "உள்ளத எயுதிக் குடு பாப்பா, நம்ம ஆளுங்க படிக்கட்டும்" என்றுதான் அவருடைய கணவர் பாபு அண்ணன் சொன்னார். உள்ளதை எழுதினால் என்னைப் பற்றி நன்றாக இல்லாத ஒரு பகுதியும் அதில் வரும். அதை விட்டுவிடப் போவதில்லை.

செய்தி ஒரு சனிக்கிழமை காலையில் வந்தது. நான் வேதியியல் பாடம் படித்துக்கொண்டிருந்தேன். அம்மா வாசலில் பூ வாங்கிவிட்டு உள்ளே வந்தாள்.

"மைதிலி, புஸ்தகத்தை வச்சுட்டு இங்க வா. மைக் செட் கற்பகம் போயிட்டாளாம்டி. விடியக்காலம்பற. பூக்காரம்மா இப்பதான் சொல்லிட்டுப் போறா."

சைக்கிளை எடுத்துக்கொண்டு மாட வீதிக்குப் பின்னாலுள்ள அவர் கடைக்குப் போனேன். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. இரண்டு பேர் அதன் மேல் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். போட்டோவில் அக்கா சிரிக்கவில்லை. ஏதோ அடையாள அட்டைக்காக எடுத்த படம். கீழே 'ஆர். கற்பகம், ஒலி ஒளி அமைப்பாளர்' என்று இருந்தது. இனிஷியல் சரியாக இருக்கிறதா என்றுதான் முதலில் பார்த்தேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

அழுகை உடனே வரவில்லை. நான் அக்காவிடம் ஒரு மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது. அதை மைக்கில்தான் கேட்க வேண்டும் என்று அவர் சொல்லியிருந்தார். இனி எந்த மைக்கில் கேட்பது என்றே நினைத்துக்கொண்டு நின்றேன்.

இந்த நினைவு மலரைப் படிக்கும் உங்களில் பலர் மைக் செட் கட்டுகிறவர்கள். அக்காவோடு கம்பம் ஏறியவர்கள், ஒயர் சுற்றியவர்கள். எனக்கு அவரைத் தெரிந்தது ஒரு சண்டையால்.

ஒன்பதாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வு. எங்கள் தெருமுனையில் ஒரு காதுகுத்து. எங்கள் வீட்டு ஜன்னலுக்கு நேராகக் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தார்கள். மறுநாள் கணக்குப் பரீட்சை. பொறுத்துப் பார்த்துவிட்டு இறங்கிப் போனேன். ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில், நைட்டிக்கு மேல் ஆண்கள் சட்டை போட்டுக்கொண்டு, ஸ்குரூ டிரைவரைக் கொண்டையில் செருகியபடி ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

"மேடம், கொஞ்சம் சத்தம் குறைக்கிறேளா? எனக்கு நாளைக்கு எக்ஸாம்."

"இன்னா எக்ஸாம்?"

"மேத்ஸ். செட்."

"இன்னா செட்டு?"

"கணக்குல செட்டுன்னு ஒண்ணு இருக்கு. தமிழ்ல கணம்."

அவர் எழுந்து இடுப்பில் கை வைத்தார். "யோவ் பாபு, இத்த கேளு. நாம தெருவுல கட்டுற செட்ட இவங்க கணக்குல வச்சிக்கினு பரீட்சை எயுதுறாங்களாம்." பிறகு ஏணியை எடுத்துப் போய்த் தானே கம்பத்தில் ஏறி, குழாயைக் கோயில் பக்கம் திருப்பிவிட்டு இறங்கினார். "சாமிக்கு எக்ஸாம் இல்ல. நீ போய்ப் படி."

பரீட்சை முடிந்ததும் நன்றி சொல்லக் கடைக்குப் போனேன். அன்று அவர் கேட்ட கேள்வியில்தான் என் நோட்டு தொடங்கியது. "மைக்கும் செட்டு, கணக்கும் செட்டு. இன்னும் எத்தினி கீது?"

எண்ண ஆரம்பித்தோம். மைக் செட், சீரியல் செட், பம்பு செட், டி.வி. செட். பல் செட் என்று பாபு அண்ணன் சொன்னார்; அவருடைய அப்பா அதைத் தம்ளரில் போட்டுவிட்டுத் தேடுவாராம். செட் தோசை. கோடம்பாக்கத்தில் கட்டிப் பிரிக்கும் சினிமா செட். சிமெண்ட் போட்டபின் செட் ஆவது. "எங்க செட்டு பசங்க" என்று சொல்லும் செட். டென்னிஸ் செட். ஃபோனில் அலாரம் செட் பண்ணுவது. பொண்ணு மாப்பிள்ளைக்கு ஜாதகம் பொருந்தியும் செட் ஆகாமல் போவது. அக்கா ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டு "எயுது" என்பார். எழுதினேனா என்று எட்டிப் பார்ப்பார். அவர் ஐந்தாவதுவரை படித்தவர். எழுத்துக்கூட்டி மெதுவாகப் படிப்பார். ஆனால் நேற்று சொன்னதை இன்று விட்டிருந்தால் கண்டுபிடித்துவிடுவார்.

"இவ்ளோ வேலைய ஒரே வார்த்த செய்யிதே, அத்த யாரு வச்சது?" என்று ஒருநாள் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொல்ல எனக்குப் பிடிக்காது. ஞாயிற்றுக்கிழமை கோட்டூர்புரத்துப் பெரிய நூலகத்துக்குப் போனேன்.

அங்கே மேசையைவிட்டுத் தூக்க முடியாத அளவு கனமான ஆங்கில அகராதி ஒன்று இருந்தது. அதில் 'செட்' பல பக்கங்களுக்கு ஓடியது. ஒரு சொல்லுக்கு இத்தனை இடம் கொடுப்பார்கள் என்று நான் நினைத்ததில்லை. உட்கார்ந்து படித்துக் குறித்துக்கொண்டேன். மதியச் சாப்பாட்டை மறந்துவிட்டேன்.

அது ஒரு சொல் இல்லை, இரண்டு சொற்கள் என்று அங்கேதான் தெரிந்தது. ஒன்று ஆங்கிலத்தின் பழைய சொல். அதற்கு 'உட்கார வைப்பது' என்று பொருள். சிட் என்கிறோமே, அதன் உறவு. ஒன்றை அதன் இடத்தில் வைப்பது, சிமெண்ட் கெட்டியாவது, சூரியன் மேற்கே இறங்கி உட்காருவது எல்லாம் அந்த வழியில் வந்தவை. மற்றது லத்தீனில் பிறந்து பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. அதற்குப் 'பின்தொடர்பவர்கள்' என்று பொருள். ஒருவர் பின்னால் ஒருவராகச் சேர்ந்து போகிற கூட்டம். ஒன்றோடொன்று சேர்ந்த பொருள்களை ஒரு செட் என்பது அதிலிருந்து வந்திருக்கிறது. இரண்டுக்கும் ஒலி ஒன்றாகிப்போய், எழுத்தும் ஒன்றாகிப்போய், பொருளும் ஒன்றுக்குள் ஒன்று கலந்துவிட்டது. நம் கணக்குப் புத்தகத்தில் வரும் 'கணம்' என்பதும் கூட்டம்தான். எங்கள் கோயில் சுவரில் சிவனுக்குப் பின்னால் குட்டி வயிறோடு வரிசையாக வருகிற பூதகணங்களை நினைத்துக்கொண்டேன். தமிழில் அந்தச் சொல்லைத் தேர்ந்தவர் யாரோ, அவருக்கும் பின்தொடர்வது தெரிந்திருக்கிறது.

இதையெல்லாம் மறுநாள் கடையில் மூச்சுவிடாமல் சொன்னேன். அக்கா ஒயரை முழங்கையில் சுற்றிக்கொண்டே கேட்டார்.

"அப்போ நம்ம மைக் செட்டு எந்த வீட்டுப் புள்ள?"

"ரெண்டாவது. மைக், ஆம்ப், பாக்ஸ் எல்லாம் சேர்ந்த கூட்டம்."

"தப்பு."

"அகராதில அப்படித்தான் இருக்கு அக்கா."

"அகராதி எயுதினவரு கம்பம் ஏறினாரா? கடையில அடுக்கி வச்சா அது சாமான். தெருவுக்கு எடுத்துனு போயி, எந்தக் குழாய் எந்தப் பக்கம் பாக்கணும்னு பாத்து வச்சாதான் அது செட்டு. வைக்கணும். மொத வீட்டுப் புள்ளதான்."

அடுத்த வாரம் மறுபடி நூலகத்துக்குப் போய்ப் படித்தேன். கூட்டம் என்ற பொருளிலுள்ள சொல்லையும் மக்கள் நாளடைவில் 'ஒன்றாக வைத்தது' என்றே எண்ணிப் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்று அங்கே இருந்தது. அதாவது அக்கா நினைத்தபடியே பலரும் நினைத்திருக்கிறார்கள். அதை வந்து சொன்னபோது, "பாத்தியா" என்று மட்டும் சொன்னார். அன்று இருந்தவர்கள் எல்லோருக்கும் டீ வந்தது.

இனி எனக்கு எழுதக் கஷ்டமான பகுதி.

பத்தாம் வகுப்பில் பள்ளி ஆண்டு விழாவில் ஆங்கிலக் கண்காட்சியும் வைத்தார்கள். ஒரு சொல்லின் வரலாற்றைப் பெரிய சார்ட்டாக எழுதலாம் என்றார் ஆங்கிலம் எடுக்கும் வசந்தா மிஸ். என் நோட்டில் முப்பத்தேழு பொருள்கள் இருந்தன. பாதிக்கு மேல் அக்காவிடமிருந்து வந்தவை. சார்ட்டின் அடியில் 'உதவி: நூலகம், பொதுமக்கள்' என்று எழுதினேன். அக்காவின் பெயரை எழுத வேண்டாம் என்று மிஸ் சொல்லவில்லை. யாரும் சொல்லவில்லை. நானே முடிவு செய்தேன்.

விழாவுக்கு மைக் செட் கட்ட அக்காவைச் சொன்னதும் நான்தான். அதில் எனக்குப் பெருமை. காலையில் அவர் மைதானத்தின் மறுகோடியில் வேப்பமரத்தடியில், ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸரோடு உட்கார்ந்திருந்தார். தொகுத்து வழங்குவது நான் என்பதால் மேடையில் மைக் பக்கத்தில் நின்றேன். என் தோழி ஹரிணி சார்ட்டைப் படித்துவிட்டு மேடைக்கு ஏறி வந்தாள்.

"உன் நோட்டுல கற்பகம் அக்கா, கற்பகம் அக்கான்னு இருக்கே, அவங்க யாரு? சார்ட்ல இல்லையே."

"மைக் செட் கட்டற அம்மா. அவா பேரைப் போட்டா ஜட்ஜ் என்ன நினைப்பா? லைப்ரரின்னு போட்டாதான் வெயிட்டா இருக்கும்."

மைக் ஆனில் இருந்தது. என் குரல் நான்கு ஸ்பீக்கர் பாக்ஸிலும் கேட்டது. 'வெயிட்டா' என்ற சொல் எதிர்க் கட்டடத்தில் பட்டுத் திரும்பி வந்தபோதுதான் எனக்கு உறைத்தது. வேப்பமரத்தடியைப் பார்த்தேன். அக்காவின் விரல் மிக்ஸரில் இருந்தது. சத்தம் சட்டென்று நிற்கவில்லை. மெல்ல, மெல்ல இறங்கி இல்லாமல் போனது. திடீரென்று வெட்டியிருந்தால் மைதானத்தில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்த எல்லோரும் நிமிர்ந்து மேடையைப் பார்த்திருப்பார்கள். அப்படிப் பார்க்காமல் இருக்கத்தான் அவர் மெல்ல இறக்கினார். இதைப் புரிந்துகொள்ள எனக்குச் சில நாள் ஆயிற்று.

விழா முடிந்ததும் செருப்பு மாட்டிக்கொண்டு எல்லோரும் போகும்வரை போக்கஸ் லைட்டை எரியவிட்டிருந்தார். நானும் போனேன். ஒன்றும் சொல்லாமல் போனேன். என் சார்ட்டுக்கு முதல் பரிசு கிடைத்தது.

நான்காம் நாள் கடைக்குப் போய், அவர் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "ஸாரி அக்கா" என்றேன்.

"எதுக்கு?"

"அன்னிக்கு ஸ்கூல்ல."

அவர் சாலிடரிங் குச்சியைக் கீழே வைத்தார். கோபமாக இல்லை. ஒரு ஒயரில் பழுது எங்கே என்று தேடுகிற முகம். "பாப்பா, தப்பு மைக்ல வந்திச்சு. ஸாரிய மட்டும் காதுல சொல்றியா? அது செட் ஆவாது. மைக்லயே சொல்லு. நான் கட்டுற மைக்லதான் சொல்லணும்னு இல்ல. எந்த மைக்குன்னாலும் சரி." கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்றும் சொன்னார். "மைக் பக்கத்துல நின்னா, அது ஆன்லதான் கீதுன்னு நெனச்சிக்கினு பேசு. ஆஃப்ல கீது, ஆஃப்ல கீதுன்னு பேசிப் பேசித்தான் ஊர்ல பாதிப் பேரு மாட்டிக்கினு கீறான்."

பாபு அண்ணன் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் அக்கா அன்றும் என்னை உட்காரச் சொல்லி, "முப்பத்தெட்டாவது கிடைச்சிதா?" என்று கேட்டார்.

அடுத்த விழாவில் சொல்லிவிடுவது என்று உறுதி செய்துகொண்டேன். இதற்கிடையில் சார்ட்டின் அடிப்பகுதியை வெட்டி, புதுக் காகிதம் ஒட்டி, 'இதில் பாதிக்கு மேல் சொன்னவர்: கற்பகம், ஒலி ஒளி அமைப்பாளர், மயிலாப்பூர்' என்று எழுதினேன். வசந்தா மிஸ்ஸிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் சார்ட்டைப் பள்ளி நூலகச் சுவரில் மாட்டச் சொன்னார்.

அதற்குள் அக்காவுக்கு உடம்பு சரியில்லாமல் போய்விட்டது. அவருடைய வீடு முன்பு அடையாற்றின் கரையில், கோட்டூர்புரம் பாலத்துக்கு அருகில் இருந்தது. அங்கிருந்தவர்களை ஊருக்கு வெளியே அடுக்கு வீடுகளுக்கு மாற்றிய பிறகு இரண்டு பஸ் மாறித்தான் கடைக்கு வருவார். இப்போது அதே இரண்டு பஸ் மாறி அடையாறிலுள்ள ஆஸ்பத்திரிக்கு வந்தார். அம்மாவும் நானும் ஒருநாள் பார்க்கப் போனோம். அம்மா ஃப்ளாஸ்கில் ரசம் கொண்டுவந்திருந்தாள். அக்கா குடித்துவிட்டு, "மாமி, இத்தன வருசமா உங்க தெருவுல கட்டிக்கினு கீறேன், இன்னிக்குத்தான் உங்க ரசம்" என்றார். அம்மா ஃப்ளாஸ்க் மூடியைத் திருகி மூடினாள். பிறகு, "இனிமே வாராவாரம் கொண்டு வரேன்" என்றாள். கொண்டும் போனாள்.

திருத்திய சார்ட்டின் படத்தை ஃபோனில் காட்டினேன். அக்கா விரலால் பெரிதாக்கி, எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"இனிஷியல் எங்க?"

"என்னக்கா?"

"ஆர். எங்க அப்பா பேரு ராமு. மயிலாப்பூர்ல எத்தினி கற்பகம் கீது, தெரியுமா? தெருவுக்கு ரெண்டு. யாருன்னு எப்டித் தெரியும்?"

திங்கட்கிழமை 'ஆர்.' சேர்த்தேன்.

அன்று புறப்படும்போது, "நோட்டு கொண்டாந்தியா? ஒண்ணு எயுதிக்கோ. மருந்து எனக்கு செட் ஆவல. டாக்டர் சொல்டாரு" என்றார். பேனாவை எடுத்தேன், எழுத முடியவில்லை. அவர் நோட்டைத் தட்டினார்.

"எயுது பாப்பா. நல்லது மட்டும் எயுதினா அது அகராதி இல்ல, கல்யாணப் பத்திரிகை."

எழுதினேன். முப்பத்தெட்டாவது இல்லை; ஜாதகத்தில் செட் ஆகாததும் இதுவும் ஒரே பொருள்தான். அதனால் பழைய எண்ணுக்குக் கீழேயே எழுதினேன். அக்காவும் அதைச் சரி என்றார்.

அடுத்த விழா வருவதற்கு முன் அந்தச் சனிக்கிழமை வந்துவிட்டது.

பதினாறாம் நாள் மாலை கடை இருக்கும் சந்திலேயே படத்திறப்பு. உங்களில் பலர் வந்திருந்தீர்கள். உங்கள் வழக்கம் எனக்கு அன்றுதான் தெரிந்தது. உங்களில் ஒருவர் போய்விட்டால் அவருடைய கடைச் சாமானை அன்றைக்குத் தொடுவதில்லை. மற்றக் கடைகள் ஒவ்வொன்றும் ஒரே ஒரு பொருள் கொண்டுவர வேண்டும். தி. நகரிலிருந்து ஆம்ப்ளிஃபயர் வந்தது. அடையாறு கடையிலிருந்து ஒரு பாக்ஸ், கோட்டூர்புரத்திலிருந்து இன்னொரு பாக்ஸ். இரண்டும் வேறு வேறு நிறம். கோடம்பாக்கத்தில் சினிமாவுக்கு லைட் பிடிக்கிறவர் பெரிய விளக்கு ஒன்றைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தார். சைதாப்பேட்டைக்காரர் மைக்கை மட்டும் சட்டைப்பையில் கொண்டுவந்தார். ஒருவர் பின்னால் ஒருவராகச் சந்துக்குள் வந்தார்கள். பாபு அண்ணன் ஒவ்வொன்றையும் வாங்கி, எது எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று பார்த்து வைத்தார். நூலகத்தில் பல பக்கங்களில் படித்த இரண்டு சொல்லையும் அந்தச் சந்தில் கண்ணால் பார்த்தேன். அக்காவிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. சொல்ல அவர் இல்லை.

பாபு அண்ணன் என்னைக் கூப்பிட்டார். மைக்கை வாங்கிக்கொண்டேன்.

"அண்ணா, மைக் ஆன்ல இருக்கா?"

"ஆன்லதான் கீது பாப்பா. பேசு."

பேசினேன். வந்திருந்தவர்களுக்கு அது நினைவிருக்கும். வராதவர்களுக்காக இங்கே எழுதுகிறேன். "என் பேர் மைதிலி. பத்தாவது படிக்கும்போது எங்க ஸ்கூல்ல நான் ஒரு தப்பு பண்ணினேன். ஆர். கற்பகம் அக்கா சொல்லிக்கொடுத்ததை எழுதி ஜெயிச்சேன். அவங்க மைக் செட் கட்டறவங்கன்னு பேரை மறைச்சேன். மறைச்சதை அவங்க கட்டின மைக்கிலேயே சொன்னேன். அவங்க சத்தத்தைக் குறைச்சு என்னைக் காப்பாத்தினாங்க. ஸாரி அக்கா." அதற்கு மேல் ஒன்றும் தயார் செய்திருக்கவில்லை. இரண்டு நிற பாக்ஸிலிருந்தும் என் குரல் சந்தின் கடைசிவரை போய் வந்தது. யாரும் சத்தத்தைக் குறைக்கவில்லை. பின்வரிசையில் அம்மா நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு இது அதுவரை தெரியாது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கோடம்பாக்கத்து விளக்குக்காரர் பக்கத்திலிருந்தவரிடம், "கற்பகம் மிக்ஸர்ல கைய வச்சா அப்டித்தான். எறக்குறதே தெரியாது" என்று சொல்வது கேட்டது.

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது இவை. முப்பத்தேழு பொருள்கள் உள்ள ஒரு நோட்டு. அதில் ஒவ்வொன்றுக்கும் எதிரே, சொன்னவர் பெயர், இனிஷியலோடு. ஒரு சொல்லைப் பற்றி ஏதாவது சொல்வதற்கு முன், அதைக் கையால் செய்கிறவரைக் கேட்பது. மைக் ஆனில் இருப்பதாகவே எண்ணிப் பேசுவது. பிறகு, அவருடைய தொழில் விதி ஒன்று. உங்களுக்கெல்லாம் தெரிந்ததுதான். முதலில் மைக்கை நிறுத்த வேண்டும், அப்புறம் ஆம்ப். லைட்டுக்கு மட்டும் அவசரம் கூடாது. "கடைசி ஆளு செருப்பக் கண்டுபுடிக்கிற வரைக்கும் லைட்டு எரியணும். இருட்டுல மாத்திப் போட்டுக்கினு போனா, நாளைக்கு உன் பாட்டு எவனுக்கும் ஞாபகம் இருக்காது. செருப்புதான் ஞாபகம் இருக்கும்" என்பார்.

அன்று கூட்டம் கலைந்தது. மைக் நின்றது, ஆம்ப் நின்றது. ஒவ்வொருவராகச் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்கள். அம்மா சந்து முனையில் காத்திருந்தாள். விளக்குப் பக்கத்தில் பாபு அண்ணன் நின்றார். உள்ளதை எழுதுவதாகச் சொன்னேன், அதனால் இதையும் எழுதுகிறேன்: என் செருப்பு முதலிலேயே கண்ணில் பட்டுவிட்டது. ஆனாலும் நான் குனிந்து தேடுவதுபோல் நின்றேன். அக்காவின் படத்தின் மேல் வெளிச்சம் இருந்தது.

"கிடச்சிதா பாப்பா?" என்றார் பாபு அண்ணன். அவர் அவசரப்படுத்தவில்லை.

இன்னும் சற்று நேரம் நின்றேன். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு, "கிடைச்சுடுத்து அண்ணா" என்றேன்.

பாபு அண்ணன் விளக்கை அணைத்தார்.